பேராதனை கிட்டத்தான் இருக்கிறது, படிக்கட்டு எங்கே?

 

சாதாரண தரப் பெறுபேறு வந்ததிலிருந்து பொல்பிட்டியவில் யாரைக் கண்டாலும் ஒரே பேச்சுத்தான். யாருடைய பிள்ளைக்கு எத்தனை ஏ, அடுத்தது எந்தப் பாடசாலை, உயர்தரத்துக்கு எந்தப் பிரிவு. போன கிழமை கடைக்குப் போன இடத்தில் ஒரு தாய் எங்களை மறித்துக் கேட்டார்:

"சேர், காலையில நாவலப்பிட்டி பஸ்ஸைப் புடிச்சா மத்தியானத்துக்கு முன்ன பேராதனைக்குப் போயிரலாம். அவ்வளவு கிட்ட இருக்கு கம்பஸ். ஆனா எங்க லயத்துல இருந்து ஒரு புள்ளை அங்க படிக்கப் போனதா நான் கேள்விப்பட்டதே இல்ல. ஏன் சேர்?"

"நல்லாப் படிச்சா போகலாம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்தியது. அது பதிலே இல்லை. நல்லாப் படித்த பிள்ளைகளும் போகவில்லையே. அந்தத் தாயின் கேள்விக்குப் பின்னால் நூறு வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள். முடிவில் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது.

முதலில் தோட்டப் பாடசாலையிலிருந்து தொடங்குவோம்.

கோப்பிக் காலத்திலேயே, 1854இல், 'தமிழ் கூலி மிஷன்' என்ற பெயரில் கிறிஸ்தவ மிஷனரிமார் தோட்டங்களுக்குள் வந்து சில இடங்களில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். தோட்டத்துரைமாருக்கு இதில் பெரிய அக்கறை இருக்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது கொழுந்து பறிக்கும் கை. கையெழுத்துப் போடும் கை அல்ல. 1907இல் அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. தோட்டத்தில் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் படிப்பிக்க ஒழுங்கு செய்வது தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு என்றது அந்தச் சட்டம். 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அதை இன்னும் கொஞ்சம் இறுக்கியது.

அந்த வயதைக் கவனியுங்கள். 6 முதல் 10. பத்து வயதோடு படிப்பு முடிந்தது என்று சட்டமே சொல்லிவிட்டது. ஒரு மண்டபம், ஒரு வாத்தியார், ஐந்து வகுப்பும் ஒரே கூரைக்குக் கீழே. ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் பெரட்டுக் களம். தோட்டப் பிள்ளையின் படிக்கட்டில் ஐந்தாவது படிக்கு மேல் படியே கட்டப்படவில்லை.

டவுனில் மிஷன் பாடசாலைகள் இருந்தன. ஆங்கிலமும் இருந்தது. அங்கே போக முடிந்தவர்கள் பெரும்பாலும் பெரியகங்காணி, கணக்கப்பிள்ளை, கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். வட்டகொடைப் பக்கத்தில் மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை அப்படி ஹட்டனில் படித்து வந்தவர். 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானார், மலையகத்தின் முதல் வரிசை எழுத்தாளராகவும் ஆனார். ஒரு பிள்ளைக்குப் படி கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அவரே சாட்சி. ஆனால் அவரைப்போல எத்தனை பேருக்குக் கிடைத்தது?

அடுத்து 1940களுக்கு வருவோம். இலங்கைக் கல்வி வரலாற்றில் பொற்காலம் என்று நாங்கள் வகுப்பில் படிப்பிக்கும் காலம் இது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. 1945 ஒக்டோபரில் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி வந்தது. நாட்டின் கிராமப் புறங்களில் மத்திய கல்லூரிகள் எழுந்தன. ஐம்பதுக்கும் மேல். ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில் எடுத்த ஏழைக் கிராமத்துப் பிள்ளை, விடுதியில் தங்கி, விஞ்ஞானம் படித்து, டொக்டராக வெளியே வரலாம் என்ற வழி திறந்தது. சிங்களக் கிராமங்களின் தலையெழுத்தை மாற்றிய வழி அது.

அந்த வழி லயத்துக்கு வரவில்லை. தோட்டப் பாடசாலை தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே கிடந்தது. இலவசக் கல்வி என்ற சட்டம் இருந்தது, ஆனால் தோட்டப் பிள்ளை நடந்து போகக்கூடிய தூரத்தில் ஆறாம் வகுப்பு இருக்கவில்லை.

இதற்கிடையில் பல்கலைக்கழகத்தை எங்கே கட்டுவது என்று நாட்டில் பெரிய விவாதம் நடந்து, கடைசியில் பேராதனை என்று முடிவானது. எடுத்த காணி, நியூ பேராதனைத் தோட்டம். தோட்டக் காணியிலேதான் இந்த நாட்டின் முதல் பல்கலைக்கழகம் எழுந்தது. 1952இல் அது முறைப்படி கொழும்பிலிருந்து அங்கே இடம் மாறியது.

1952 என்ற வருடத்தை ஞாபகத்தில் வையுங்கள். அதற்கு முன் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்திருந்தது. மறுவருடம் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்தது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் ஏழு பேரை மலையகம் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1952இல் அந்தக் கட்சியிலிருந்து ஒருவரும் இல்லை. வாக்காளர் இடாப்பிலிருந்தே நம் மக்களின் பெயர்கள் போயிருந்தன. பல்கலைக்கழகம் மலைக்கு வந்த அதே வருடத்தில், மலையில் உழைத்தவர்கள் நாட்டின் கணக்கிலிருந்து விழுந்தார்கள்.

இது தமிழ்த் தோட்டத் தொழிலாளரின் கதை மட்டும் என்று எங்கள் முஸ்லிம் சகோதரர்கள் நினைத்துவிடக் கூடாது. அந்த இரண்டாவது சட்டத்தின் பெயரிலேயே பாகிஸ்தானும் இருக்கிறது. மலைநாட்டு டவுன்களில் கடை போட்டிருந்த, இந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பங்களும் அதே விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக்கொண்டுதான் வரிசையில் நின்றன.

பிரஜாவுரிமை இல்லையென்றால் அரசாங்க வேலை இல்லை. அரசாங்க வேலை இல்லையென்றால், கஷ்டப்பட்டு எஸ்.எஸ்.ஸி. வரை படித்த பிள்ளைக்கும் முன்னால் ஒரு கதவும் இல்லை. "படிச்சு என்ன செய்யப் போற?" என்று இன்றும் நம் பெற்றோர் சிலர் கேட்கிறார்கள் அல்லவா, அந்தக் கேள்வி சோம்பலில் பிறந்ததல்ல. நாற்பது வருடம் நாடு அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் அது.

இங்கே எங்கள் சமூகத்தின் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெருமைக்காக அல்ல, ஒப்பிட்டுப் பார்க்க.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இலங்கை முஸ்லிம்களும் நவீன கல்வியில் மிகவும் பின்னாலேதான் இருந்தார்கள். மிஷன் பாடசாலைக்கு அனுப்பினால் பிள்ளையின் மார்க்கம் போய்விடும் என்ற பயம். அந்த நேரத்தில் மலைநாட்டின் தலைநகரான கண்டியிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. அறிஞர் எம்.சி. சித்திலெப்பை. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, படியுங்கள், பெண் பிள்ளைகளையும் படிக்க வையுங்கள் என்று எழுதினார். பேச்சோடு நிற்காமல் கண்டியில் பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலையும் திறந்தார். எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு இங்கே வாழ்ந்த ஒராபி பாஷாவும், வாப்பிச்சி மரைக்காரும் அவரோடு கைகோத்தார்கள். 1892இல் கொழும்பில் ஸாஹிராக் கல்லூரிக்கு அடித்தளம் விழுந்தது.

பிறகு ஏ.எம்.ஏ. அஸீஸ். சிவில் சேவையில் சேர்ந்த முதல் இலங்கை முஸ்லிம். 1942இல் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்குப் போனவர், அங்கே கெட்டிக்காரப் பிள்ளைகள் பணம் இல்லாத ஒரே காரணத்தால் வயலுக்குத் திரும்புவதைக் கண்டார். 1945இல், இலவசக் கல்வி வந்த அதே வருடத்தில், இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கினார். கல்விதான் இலவசமாகிவிட்டதே, பிறகு ஏன் நிதி? அஸீஸுக்கு விஷயம் தெரியும். கட்டணம் இல்லாவிட்டாலும் போர்டிங் காசு இருக்கிறது, பஸ் காசு இருக்கிறது, புத்தகம் இருக்கிறது, அந்தப் பிள்ளை உழைத்துக் கொண்டுவந்திருக்கக்கூடிய சம்பளம் வீட்டுக்கு வராமல் போகிறது. இலவசக் கல்விக்கும் ஏழைப் பிள்ளைக்கும் நடுவில் இருக்கும் அந்த இடைவெளியை அரசாங்கம் நிரப்பும் வரை காத்திருக்க அவர் தயாராக இருக்கவில்லை. சமூகத்தின் சட்டைப் பையிலிருந்து நிரப்பினார்.

மலையகத்திலும் 1960களில் அப்படி ஒரு எழுச்சி வந்தது. ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியில் ஆசிரியராகவும் பிறகு அதிபராகவும் இருந்த இர. சிவலிங்கம் போன்றவர்கள் ஒரு தலைமுறை இளைஞர்களுக்குப் பாடத்தோடு சேர்த்துத் தன்மானத்தையும் சொல்லிக் கொடுத்தார்கள். நாடகம், எழுத்து, பேச்சு மேடை, சங்கம் என்று ஹட்டனே விழித்தது. அந்தக் காலத்தில்தான் லயத்துப் பிள்ளைகள் சிலர் உயர்தரம் வரை வந்தார்கள், விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள் பேராதனை வரை போனார்கள்.

அந்த விழிப்பின் மேல் விழுந்த அடி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி, 9 இலட்சத்து 75 ஆயிரம் மனிதர்களை இரண்டு நாடுகள் பங்கு போட்டன. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் 1 இலட்சத்து 50 ஆயிரம் பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்த மிச்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு மக்கள் 'அழுகைக் கோச்சி' என்றே பேர் வைத்தார்கள். அந்தக் கோச்சியில் பாத்திரம் பண்டம் மட்டும் போகவில்லை. எட்டாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் இருந்த பிள்ளைகள் போனார்கள். அவர்களுக்குப் படிப்பிக்கக்கூடிய வாலிபர்கள் போனார்கள். பின்னாளில் சிவலிங்கமும் நீலகிரிக்குப் போய்ச் சேர்ந்தார். ஒரு சமூகம் முதல் தலைமுறைப் படிப்பாளிகளை உருவாக்கிக்கொண்டிருந்த நேரத்தில், அந்தத் தலைமுறையின் பெரும் பகுதியைக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள்.

இனி நம் பெற்றோருக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய பகுதிக்கு வருகிறோம். மாவட்ட ஒதுக்கீடு.

1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தது. மொழிவாரியாகப் புள்ளியை மாற்றிய அந்த முறை யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளைப் பாதித்த கதையும், அதன் பின்விளைவும் எல்லோருக்கும் தெரியும். 1974இல் மாவட்ட ஒதுக்கீடு சேர்ந்தது. பல மாற்றங்களுக்குப் பிறகு இன்றுள்ள முறையைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படி: மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம், முகாமைத்துவம் போன்ற கற்கைநெறிகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில். 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்ப. மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. அந்த 16இல் நுவரெலியாவும் பதுளையும் இரத்தினபுரியும் இருக்கின்றன. நமக்குக் கீழே கித்துல்கலை கேகாலை மாவட்டம். அது அந்தப் பட்டியலில் இல்லை. நாம் இருக்கிறோம்.

சனத்தொகைக்கு ஏற்ப என்றால் என்ன அர்த்தம்? லயத்தில் இருக்கும் ஒவ்வொரு தலையையும் எண்ணித்தான் நுவரெலியா மாவட்டத்துக்கு இடம் ஒதுக்குகிறார்கள். நம்மை எண்ணிக் கிடைத்த இடம். ஆனால் அந்த இடத்தில் உட்கார, உயர்தரத்தில் உயிரியலோ பௌதிக விஞ்ஞானமோ படித்த பிள்ளை வேண்டும். தோட்டப் பாடசாலையில் பெரும்பாலானவை ஐந்தாம் தரத்தோடோ பதினோராம் தரத்தோடோ முடிந்துவிடுகின்றன. உயர்தரம் இருக்கும் இடத்திலும் பல பாடசாலைகள் 1சி, அதாவது கலை, வர்த்தகம் மட்டும். விஞ்ஞானப் பிரிவுள்ள 1ஏபி தமிழ்ப் பாடசாலை மாவட்டத்தில் மிகக் குறைவு. அதிலும் இரசாயனவியலுக்கு ஆசிரியர் இருந்தால் பௌதிகவியலுக்கு இல்லை. ஆகவே நம் தலையை எண்ணிக் கிடைத்த இடங்களில் வேறு யாரோ உட்கார்கிறார்கள். வெளி மாவட்டங்களிலிருந்து வந்து இங்கே பதிந்து பரீட்சை எழுதுகிறார்கள் என்ற முறைப்பாடும் மலையகத்தில் பல வருடமாக உண்டு. ஆனால் அடுத்தவரைக் குறை சொல்வதற்கு முன், அந்தக் கதிரை ஏன் காலியாகக் கிடந்தது என்று கேட்க வேண்டும்.

கலைப் பிரிவில் நிலைமை தலைகீழ். அங்கே மாவட்டச் சலுகை இல்லை. அகில இலங்கைத் திறமைதான் கணக்கு. அதாவது எந்தப் பிரிவில் நம் மாவட்டத்துக்குக் கை கொடுக்கிறார்களோ அந்தப் பிரிவில் நம் பிள்ளைகள் இல்லை. எந்தப் பிரிவில் கொழும்பு, யாழ்ப்பாணம், கண்டிப் பிள்ளைகளோடு சரிசமமாக ஓட வேண்டுமோ அங்கேதான் நம் பிள்ளைகள் எல்லோரும் நிற்கிறார்கள்.

இதில் எங்கள் தவறையும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆசிரியர்களாகிய நாங்கள்தான் வருடக் கணக்காகப் பிள்ளைகளுக்குச் சொன்னோம்: "விஞ்ஞானம் கஷ்டம், டியூஷன் காசும் கட்டேலாது, கலையைச் செய், பாஸ் பண்ணலாம்." நல்ல எண்ணத்தோடுதான் சொன்னோம். ஒரு பையனை இப்போதும் மறக்க முடியவில்லை. கணிதத்தில் ஏ எடுத்தவன். பக்கத்தில் விஞ்ஞானப் பிரிவு இல்லை, தூரத்தில் தங்க வீட்டில் வசதி இல்லை என்று கலைப் பிரிவில் சேர்த்துவிட்டோம். மூன்று பாடமும் சித்தி. இசட் புள்ளி போதவில்லை. இப்போது புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறான். பெருநாளைக்கும் தீபாவளிக்கும் ஊருக்கு வரும்போது மரியாதையாகத்தான் கதைக்கிறான். எங்களுக்குத்தான் அவனுடைய முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது.

வரலாற்றுக்குத் திரும்புவோம். கம்பெனித் தோட்டங்கள் 1975இல் அரசுடைமையானதைத் தொடர்ந்து, 1977 முதல் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் கட்டம் கட்டமாகப் பொறுப்பெடுத்தது. நாட்டின் மற்றப் பிள்ளைகளுக்கு 1945இல் வந்தது, தோட்டப் பிள்ளைக்கு முப்பது வருடம் கழித்து வந்து சேர்ந்தது. 1980களில் சுவீடன் நாட்டின் சீடா உதவியோடு தோட்டப் பாடசாலைகளுக்குக் கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் கிடைத்தன. 1990களின் தொடக்கத்தில் ஜேர்மன் உதவியோடு கொட்டகலை, பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. 1988லும் 2003லும் வந்த சட்டங்கள் நாடற்றவர் என்ற பெயரை ஒருவழியாகத் துடைத்தன.

பலன் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பத்தனையில் படித்து வெளியே வந்தவர்கள்தான் இன்று மலையகப் பாடசாலைகளின் முதுகெலும்பு. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கல்விப் பேராசிரியராக உயர்ந்து, மலையகக் கல்வியைப் பற்றி வாழ்நாள் முழுக்க எழுதிய சோ. சந்திரசேகரன் போன்றவர்களை இந்த மண்ணோடு சேர்த்துப் பேசுகிறோம். தோட்டத்திலிருந்து சட்டத்தரணி, டொக்டர், விரிவுரையாளர் என்று வந்திருக்கிறார்கள். ஆனால் ஆசிரியர் பஞ்சத்தை அரசாங்கம் எப்படி நிரப்பியது என்றும் பாருங்கள். சுமார் பத்து வருடங்களுக்கு முன் தோட்டப் பாடசாலைகளுக்கு ஏறத்தாழ 3,000 ஆசிரியர் உதவியாளர்களை எடுத்தார்கள். உயர்தரம் முடித்த நம் பிள்ளைகள்தான். மாதக் கொடுப்பனவு முதலில் 6,000 ரூபா. அந்தக் காசில் அந்தப் பிள்ளைகள் வகுப்பைக் கொண்டு நடத்தியதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் பௌதிகவியல் ஆசிரியர் அந்த வழியாக வர மாட்டார்.

இதே காலத்தில் நாட்டின் மற்ற ஓரங்களில் பல்கலைக்கழகங்கள் எழுந்தன. 1974இல் யாழ்ப்பாண வளாகம். 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி, அது 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது. 1990இல் கிழக்கில் தமிழ்–முஸ்லிம் உறவு இரத்தத்தில் நனைந்து, முஸ்லிம் மாணவர்கள் வந்தாறுமூலைக்குப் போக முடியாத நிலை வந்தபோது, மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் முன்னின்று 1995இல் ஒலுவில் வளாகத்துக்கு வழி செய்தார். 1996இல் அது தென்கிழக்குப் பல்கலைக்கழகம். பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவப் பல்கலைக்கழகம், சமனலவெவ நீர்மின் திட்டத்துக்காகக் கட்டியிருந்த குடியிருப்பில் தொடங்கியது. பவர் ஸ்டேஷனைப் பார்த்து வளர்ந்த பொல்பிட்டியக்காரர்களுக்கு அது ஒரு சுவாரஸ்யமான செய்தி. 2005இல் பதுளையில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் வந்தது. அங்கே தேயிலைத் தொழில்நுட்பத்துக்கே ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது.

ஒலுவிலையும் பதுளையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நமக்கு வேண்டிய பாடம் கிடைக்கும்.

ஒலுவில் எழும்போது அதைச் சுற்றிக் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்று உயர்தர வகுப்புகள் நிறைந்த ஊர்கள் இருந்தன. அஸீஸ் காலத்திலிருந்து ஐம்பது வருடம் அங்கே படி கட்டியிருந்தார்கள். கதவு திறந்ததும் பிள்ளைகள் உள்ளே போனார்கள். பதுளையில் தேயிலைக்குப் பட்டம் கொடுக்கிறார்கள். தேயிலையோடு பிறந்த பிள்ளை அங்கே போக வேண்டுமென்றால் உயர்தரத்தில் விஞ்ஞானம் வேண்டும், பாடம் முழுக்க ஆங்கிலத்தில் என்பதால் ஆங்கிலமும் வேண்டும். இரண்டும் தோட்டப் பாடசாலையில் எட்டாக்கனி. ஆகவே கொழுந்து எடுத்தவரின் பிள்ளை தேயிலைத் தொழில்நுட்பம் படிப்பது இன்னும் அரிதாகவே இருக்கிறது.

மலையகத்துக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கோரிக்கை பல வருடமாக இருக்கிறது. ஒவ்வொரு தேர்தலிலும் மேடையில் கேட்கிறோம். 2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் மக்கள் நடந்தபோது காணி, வீடு, சம்பளத்தோடு கல்வியும் பேசப்பட்டது. அந்தக் கோரிக்கையை நாங்கள் முழு மனதோடு ஆதரிக்கிறோம். 2012 குடிசன மதிப்பீட்டில் ஏறத்தாழ 8 இலட்சத்து 40 ஆயிரம் பேர் என்று எண்ணப்பட்ட ஒரு சமூகம், தன் மண்ணில் ஒரு பல்கலைக்கழகம் கேட்பதில் என்ன பிழை? ஆனால் பெயர்ப்பலகை மட்டும் வேண்டாம். தகுதியான விரிவுரையாளர், ஆய்வுகூடம், நூலகம், விடுதி எல்லாவற்றோடும் வேண்டும். அதைவிட முக்கியம், அந்த வாசலுக்கு ஏறிப்போக ஒவ்வொரு கோட்டத்திலும் விஞ்ஞான உயர்தர வகுப்பு வேண்டும். 1952இல் ஒரு தடவை பல்கலைக்கழகம் மலைக்கு வந்தது. லயத்துக்கு என்ன கிடைத்தது? படி இல்லாத இடத்தில் கதவை எவ்வளவு கிட்டக் கொண்டுவந்து வைத்தாலும் அது தூரம்தான். அந்தத் தாய்க்கு நாங்கள் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்.

கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் நம் ஊர்ப் பக்கத்தில்தான் சேர்ந்து களனி கங்கையாகின்றன. பொல்பிட்டிய மின் நிலையம் 1969இல் ஓடத் தொடங்கியது. அதற்கு எத்தனையோ வருடம் கழித்தும் பக்கத்துத் தோட்டத்து லயங்களில் பிள்ளைகள் குப்பி விளக்கில் படித்தார்கள். கரண்ட் நம் தலைக்கு மேலால் கம்பியில் போனது. பேராதனையும் அப்படித்தான் இருந்திருக்கிறது. கம்பத்திலிருந்து லயத்துக்குக் கம்பி இழுக்கப் பிறகு ஆட்கள் வந்தார்கள், இப்போது வெளிச்சம் இருக்கிறது. படிப்புக்கும் அந்தக் கம்பியை யாராவது இழுக்கத்தான் வேண்டும்.

இனி வேண்டுகோள்.

இந்த வருடம் நம் பகுதியில் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் நல்ல சித்தியோடு ஐந்து பிள்ளைகள் இருக்கிறார்கள். மூன்று பெண் பிள்ளைகள், இரண்டு பையன்கள். தமிழ்ப் பிள்ளையும் உண்டு, முஸ்லிம் பிள்ளையும் உண்டு. ஒரு பையனைக் கொழும்புக் கடைக்கு அனுப்பப் பேசி முடித்துவிட்டார்கள் என்று கேள்வி. ஒரு பெண் பிள்ளையைத் தூர இடத்தில் தங்க விடப் பயப்படுகிறார்கள். வீட்டுக்காரரைக் குறை சொல்ல மாட்டோம். மாதம் முழுக்கப் பேர் போட்டாலும் போர்டிங் காசு கட்ட முடியாத வீடுகள் அவை. மஹாபொல புலமைப்பரிசில் 1981இலிருந்து இருக்கிறது, அதை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆக உயர்த்துவதாக 2025 வரவு செலவுத் திட்டத்தில் சொன்னார்கள். நல்லது. ஆனால் அது பல்கலைக்கழகத்துக்குள் போன பிறகு கிடைப்பது. அதற்கு முந்திய இரண்டு வருடம்தான் நம் பிள்ளைகள் விழும் பள்ளம்.

ஆகவே பள்ளிவாசல் நிர்வாகத்தையும் கோவில் கமிட்டியையும் தோட்டத் தலைவர்மாரையும் கடைக்கார முதலாளிமாரையும் ஒரு மேசைக்கு வரச் சொல்லிக் கேட்கிறோம். ஐந்து பிள்ளை, இரண்டு வருடம். பெரிய நிதி ஒன்றும் வேண்டாம். டவுனில் நம்பிக்கையான ஒரு வீட்டில் பெண் பிள்ளைகளுக்குத் தங்குமிடம். பஸ் சீசன். கிழமைக்கு ஒரு நாள் ஆங்கில வகுப்பு, அதை ஆசிரியர்களாகிய நாங்கள் சம்பளம் இல்லாமல் எடுக்கிறோம். ஸகாத் கொடுக்கும் சகோதரர்கள், யாருக்கு எப்படிக் கொடுப்பது என்பதை ஆலிம்களிடம் கேட்டுச் செய்யுங்கள். திருவிழாவுக்குச் சேர்க்கும் காசில் ஒரு சிறு பங்கைக் கோவில்கள் ஒதுக்கினாலும் போதும். கணக்கை மாதா மாதம் எல்லோரும் பார்க்கப் போடுவோம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளையின் பெறுபேற்றுத் தாளோடு எங்களிடம் வாருங்கள். எந்தப் பிரிவு, எந்தப் பாடசாலை, எந்த மாவட்டத்தில் படித்தால் எந்த ஒதுக்கீடு என்று உட்கார்ந்து பார்ப்போம். அவசரத்தில் வெளி மாவட்டத்துக்கு மாற்றிவிடாதீர்கள். விஞ்ஞானம் விருப்பமில்லாத பிள்ளையைக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம். கலை படித்தும் உயரலாம். விருப்பமும் திறமையும் இருந்தும் வசதியில்லாமல் திரும்பி வரக் கூடாது, அவ்வளவுதான் நாங்கள் கேட்பது.

உயர்தர வகுப்புகள் தொடங்க இன்னும் சில கிழமைகள்தான். இந்த ஞாயிறு அஸர் தொழுகைக்குப் பிறகு பாடசாலை மண்டபத்தில் இருப்போம். அந்தத் தாயையும் வரச் சொல்லியிருக்கிறோம். அவருடைய மகள் அந்த ஐவரில் ஒருத்தி. இரண்டு வருடம் கழித்து, இன்ஷா அல்லாஹ், அதே நாவலப்பிட்டி பஸ்ஸில் பெட்டியோடு அவள் பேராதனைக்குப் போக வேண்டும்.

வாசித்தவர்கள் உங்கள் தோட்டத்து, உங்கள் தெருவுப் பெற்றோருக்கும் இதைச் சொல்லுங்கள். போன் இல்லாத வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்லுங்கள்.